பந்தின் சுழற்சியும் சொல்லின் திரிபும்

முன்னுரை

மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களிலிருந்தே மொழியின் உவமைகள் பிறக்கின்றன. உழவர் பேச்சில் விதையும் களையும் வருகின்றன. நெசவாளர் பேச்சில் ஊடும் பாவும் வருகின்றன. ஆட்டக்களமும் இவ்வாறே மொழிக்குச் சொல் வழங்கியுள்ளது. தேர்தல் காலத்தில் தலைவர் ஒருவர் 'காய் நகர்த்துகிறார்' என்று எழுதும் செய்தியாளர், சதுரங்கப் பலகையை எண்ணிப் பார்ப்பதில்லை. எளியவன் ஒருவனைப் 'பகடைக்காய் ஆக்கிவிட்டார்கள்' என்று வருந்துபவர், தம் வாழ்நாளில் பகடை உருட்டியவராக இருக்க வேண்டுவதில்லை. ஆட்டம் மறந்துபோனாலும் சொல் நின்றுவிடுகிறது.

இவ்வாறு பேச்சுக்கு வந்த சொற்களுள் சுழற்சி பற்றியவை ஒரு தனி இனமாகும். மேலை நாட்டில் பில்லியர்ட்ஸ் மேசையிலும், நம் நாட்டில் பம்பரம், கயிறு, நூல், உருளை ஆகியவற்றிலும் பிறந்த இச்சொற்கள், மனிதரின் உழைப்பையும் செருக்கையும் வஞ்சத்தையும் குறித்து நிற்கின்றன. ஒரே சுழற்சி மூன்று வேறு பொருள்களைத் தருவது எவ்வாறு? இவ்வினாவிற்குத் தமிழ் வினைச்சொல்லின் அமைப்பிலேயே விடை உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையில் ஓர் ஊர்

இவ்வாய்வின் தொடக்கமாகத் திருத்தணியை நாம் எடுத்துக்கொள்கிறோம். சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் அமைந்தது இவ்வூர். மலைமேல் முருகன் கோயில் உள்ளது. ஏறிச் செல்லும் படிகள் ஆண்டின் நாள்களைக் குறிப்பனவாக 365 என்பர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வரும் கூட்டத்தில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கலந்தே வருகின்றனர்.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த திருத்தணி அம்மாநிலத்தைச் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அப்பகுதியில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் போன்றோரின் தொண்டும் நாடறிந்தவை. பட்டாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1888இல் இவ்வூரில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்ததும், அவர் பிறந்த நாளை நாம் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுவதும் அனைவரும் அறிந்ததே. இரு மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் இத்தகைய ஊரில், ஒரு மொழியின் உவமையை மற்றொன்றோடு வைத்து நோக்குதல் எளிது.

அப்பகுதியில் ஒரு திருமண வீட்டில் நாம் கேட்ட உரையாடல் இது. பந்திக்கும் வாயிலுக்குமாக ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்த இளைஞனைப் பார்த்துத் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர், "பையன் பம்பரமாச் சுத்துறான் பாரும்மா" என்றார். அருகில் அமர்ந்திருந்த அம்மையார், "அவுனன்னா, பொங்கரம்லா திருகுதுன்னாடு" என்று தெலுங்கில் மகிழ்ந்து கூறினார். பம்பரம் தெலுங்கில் பொங்கரம். சுற்றுதல் அங்கே திருகுதல். நம் மொழியில் 'திருகு' என்பது முறுக்குதலைக் குறிக்க, 'திரி' என்பது அலைதலைக் குறிக்கும். தெலுங்கிலோ 'திருகு' என்பதே சுற்றுதலையும் அலைதலையும் குறிக்கும். ஒரே வேரின் கிளைகள் இவை. மாநில எல்லை நிலத்தைப் பிரித்ததேயன்றி இவ்வுவமையைப் பிரிக்கவில்லை.

இரு மொழியிலும் பம்பரம் புகழ்ச்சிக்குரியதாய் இருப்பதற்குக் காரணம் யாது? பம்பரத்தை நிற்கவைப்பதே அதன் சுழற்சிதான். சுழலும்வரை அது ஆணி முனையில் நிமிர்ந்து நிற்கும், சுழற்சி குறைந்தால் தள்ளாடும், நின்றால் விழும். ஆகவே ஓயாது உழைப்பவனுக்கு அது தக்க உவமையாயிற்று. ஆங்கிலத்தில் அண்மைக் காலத்தே எழுந்த சுழற்சி வழக்குகள் பல இதற்கு நேர்மாறானவை. அவற்றின் இயல்பை அறியப் பில்லியர்ட்ஸ் மேசையருகே செல்ல வேண்டும்.

மேசையில் நிகழ்வது

முழு அளவுப் பில்லியர்ட்ஸ் மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. கற்பலகைமேல் பச்சைக் கம்பளித் துணி விரிக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் ரப்பர் விளிம்பு உண்டு. ஆடுபவர் நீண்ட கோலின் முனையால் வெள்ளைப் பந்தை இடிக்க, அது சென்று மற்றப் பந்தை மோதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலின் நுனியில் தோல் வைக்கும் முறை பரவியது. பிரான்சு நாட்டு மிங்கோ என்பவரை அதற்கு முன்னோடியாகக் கூறுவர். தோல் நுனியில் சுண்ணப்பொடி தடவிய பின்னர், பந்தின் நடுவை விட்டு விலகி இடித்தாலும் கோல் வழுக்குவதில்லை. பந்துக்கு விரும்பிய சுழற்சியைத் தருவது இதனால் ஒரு கலையாக வளர்ந்தது.

பந்தின் மேற்பகுதியில் இடித்தால் அது முன்னோக்கிச் சுழன்று, மோதிய பின்னும் தொடர்ந்து முன்னே செல்லும். இதனை ஃபாலோ என்பர். கீழ்ப்பகுதியில் இடித்தால் பின்னோக்கிச் சுழன்றவாறே சென்று, மோதிய பின் ஆடுபவரை நோக்கித் திரும்பி வரும். இதனை இங்கிலாந்தில் ஸ்க்ரூ என்றும் அமெரிக்காவில் டிரா என்றும் வழங்குவர். சுழற்சியின்றிச் சறுக்கி வந்து மற்றப் பந்தை நேராக மோதினால் வெள்ளைப் பந்து அங்கேயே நின்றுவிடும். அது ஸ்டன் எனப்படும். இடப்புறமோ வலப்புறமோ ஒதுங்கி இடித்தால் பந்து பக்கவாட்டில் சுழலும். ரப்பர் விளிம்பில் பட்டு மீளும்போது, அது பார்ப்பவர் எதிர்பார்த்த கோணத்தை விட்டு விலகிச் செல்லும். இதனை இங்கிலாந்தில் சைடு என்பர். அமெரிக்கர் இங்கிலீஷ் என்பர். ஆங்கிலேய ஆட்டக்காரரிடமிருந்து அந்நுட்பத்தை அமெரிக்கர் கற்றதால் அப்பெயர் வந்தது என்று கூறுவது மரபு.

இவ்வாட்டத்தின் கணக்கியலை 1835இல் ஒரு நூலாகவே எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் கோரியோலி ஆவார். வங்கக் கடலில் எழும் புயல் ஏன் ஒரே திசையில் சுழல்கிறது என்பதை விளக்க இன்று வானிலையாளர் எடுத்துக்கூறும் விளைவும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு மேலே, கோலைக் கிடையாகப் பிடித்து இடித்தால், பந்து சறுக்காமல் தொடக்கத்திலிருந்தே உருளும் என்பது இயக்கவியல் தரும் முடிவு.

இங்கே மற்றோர் உண்மையும் நம் கருத்துக்கு உரியது. ஒரு பந்து மற்றொன்றை மோதும்போது அதன் வேகம் பெரும்பாலும் மற்றதற்குச் சென்றுவிடுகிறது. சுழற்சியோ மிகச் சிறிதளவே செல்கிறது. எஞ்சியது முதற்பந்திடமே தங்குகிறது. சொல் ஒன்று வேற்று மொழியைச் சென்று மோதும்போதும் ஏறத்தாழ இதுவே நிகழ்வதைப் பின்னர்க் காண்போம்.

மேசையிலிருந்து பேச்சுக்கு

மேலே கண்ட கலைச்சொற்கள் சில ஆங்கிலப் பேச்சு வழக்கில் புகுந்தன. தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொண்டு நெஞ்சு நிமிர்த்தி நடப்பவனைச் 'சைடு போடுகிறான்' என்று கூறும் வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் பக்கச் சுழற்சியிலிருந்து இது வந்திருக்கலாம் என அகராதியாளர் சிலர் கருதுவர். பந்து கையை விட்டுச் சென்ற பின்னும், அது சாய வேண்டிய பக்கம் தான் சாய்ந்து நெளியும் ஆட்டக்காரனின் செயலை அமெரிக்கர் 'உடல் இங்கிலீஷ்' என்று நகையாடுவர். கேரம் பலகையைச் சுற்றி அமர்ந்திருப்போரிடம் நாம் இதனை நாள்தோறும் காணலாம்.

எண்ணாமல் அடித்த அடியில் பந்து குழியில் விழுந்தால் அது ஃப்ளூக். இச்சொல்லும் பில்லியர்ட்ஸ் மேசையில் வழங்கிப் பின்னர் எல்லாத் தற்செயல் வெற்றிக்கும் பெயராயிற்று. நம் மாணவரும் இதனை அறிவர். நம் முன்னோர் இதனைக் 'குருட்டாம்போக்கு' என்றனர்.

பந்து ஆட்டங்களில் வழங்கிய ஸ்பின் என்னும் பொதுச்சொல் அரசியலுக்குச் சென்றது. 1984இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி ரீகனும் மாண்டேலும் மேடையில் வாதிட்டனர். வாதம் முடிந்தவுடன் இரு தரப்பு உதவியாளரும் செய்தியாளரைச் சூழ்ந்து, தத்தம் தலைவரே வென்றார் என்று தோன்றுமாறு விளக்கம் கூறினர். அக்காலத்தே அத்தகையோருக்கு 'ஸ்பின் டாக்டர்' என்னும் பெயர் பரவியது. இவர்கள் கூறுவது முழுப் பொய்யன்று. பந்து அதே பந்துதான். அது சென்று திரும்பும் கோணம் மட்டும் மாற்றப்பட்டது.

ஸ்னூக்கர் என்னும் சொல்லின் கதை நம் மண்ணோடு தொடர்புடையது. 1875இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலப் படையின் இளம் அலுவலர் நெவில் சேம்பர்லின், பில்லியர்ட்ஸ் மேசையில் பல வண்ணப் பந்துகளைச் சேர்த்து இப்புதிய ஆட்டத்தை உருவாக்கினார் என்பர். இவர் பிற்காலத்து இங்கிலாந்துப் பிரதமர் அல்லர்; அப்பெயருடைய வேறொருவர். உல்விச்சு படைக்கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனை அக்காலத்தில் ஸ்னூக்கர் என்று கேலி செய்வர். எளிய அடியைத் தவறவிட்ட தோழரைச் சேம்பர்லின் அப்பெயரால் அழைக்க, ஆட்டத்துக்கே அது பெயராயிற்று. 1882இல் உதகமண்டலம் சங்கத்தின் ஆட்ட அறையில் இதன் விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டன என்பது வழங்கிவரும் வரலாறு. அடிக்க வேண்டிய பந்து வேறொரு பந்தின் பின்னே மறைந்து, நேர்வழி அடைபட்ட நிலையையும் இச்சொல் குறிக்கும். அதிலிருந்து, போக்கிடமின்றி மாட்டிக்கொண்டவரை ஆங்கிலேயர் இச்சொல்லின் வினைவடிவத்தால் குறித்தனர். உதகையில் விதி பெற்ற ஆட்டம் ஆங்கிலத்துக்கு ஓர் உருவகம் தந்தது, தமிழுக்குத் தரவில்லை.

ஏன் தரவில்லை?

அவ்வாட்டம் நடந்த இடமே இதற்குக் காரணம். பில்லியர்ட்ஸ் மேசை வெள்ளையர் சங்கங்களிலும் படை விடுதிகளிலும் அரண்மனைகளிலும் இருந்தது. நம்மவர் பலர் அதனருகே சென்றது கணக்கெழுதும் மார்க்கராகவும் ஏவலராகவும் மட்டுமே. தெருவில் ஆடாத ஆட்டம் தெருப்பேச்சில் உவமையாவதில்லை. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ் உலக அமெச்சூர் பட்டத்தை வென்று, உலகப் பட்டம் வென்ற முதல் இந்திய விளையாட்டு வீரர் என்னும் புகழைப் பெற்றார். 1964இல் மீண்டும் வென்றார். ஆயினும் அம்மேசையின் சொற்கள் நம் வீடுகளுக்குள் வரவில்லை.

மேசை வரவில்லையெனினும் அதன் சொல் ஒன்று மட்டும் வேறு வழியாக வந்தது. ஒரு பந்து இரு பந்துகளை அடுத்தடுத்துத் தொடுவதைக் கேரம் என்பது பில்லியர்ட்ஸ் வழக்கு. பிரெஞ்சு மொழியின் கேரம்போல் என்பதன் சுருக்கம் அது. நம் வீட்டுக் கூடங்களிலும் தேநீர்க் கடையோரத்துச் சங்கங்களிலும் ஆடப்படும் கேரம் பலகை அப்பெயரைத் தாங்கியுள்ளது. 29 அங்குலச் சதுரப் பரப்பு, ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்புக் காய் என்னும் இவ்வளவே முதலீடு. ஏழைக்கும் எட்டிய இவ்வாட்டத்தில் நம் மாநிலம் உலகப் புகழ் பெற்றது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர், ஆட்டோ ஓட்டுநரின் மகளான சென்னை மாணவி காசிமா ஆவார். நம் மாணவியர்க்கு இஃது ஊக்கம் தரும் செய்தி என்பதில் ஐயமில்லை.

கேரம் என்னும் அச்சொல் மேலும் ஒரு பயணம் சென்றது. நடுவிரலால் காயைச் சுண்டுவது போலக் கிரிக்கெட் பந்தைச் சுண்டிவிடும் முறைக்குக் 'கேரம் பந்து' என்று பெயர். 2008இல் இலங்கையின் அஜந்த மெண்டிஸ் இதனால் மட்டையாளரைத் திணறவைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையின் அஷ்வின் இதனைத் தம் படைக்கலம் ஆக்கினார். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடும் இளைஞர் இதனைச் 'சொடுக்குப் பந்து' என்பர். சொடுக்கு என்பது விரலை நொடித்தல். 'ஒரு சொடுக்குப் போடும் நேரம்' என்று விரைவைக் குறிக்கும் வழக்கு நம்மிடம் முன்பே உண்டு. தெரு ஆடும் ஆட்டத்துக்குத் தெருவே பெயரும் வைத்துக்கொள்கிறது.

தமிழின் சுழற்சிச் சொற்கள்

பில்லியர்ட்ஸ் சொற்கள் வராமையால் தமிழுக்குக் குறை நேர்ந்ததா? நேரவில்லை. அப்பொருள்களை உணர்த்தும் சொற்கள் கயிறு திரிப்போரிடமும் நெசவாளரிடமும் ஏற்கெனவே இருந்தன. திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்கள் தறியோசை கேட்பவை. இழைக்கு முறுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வூரார் நன்கறிவர். முறுக்குக் குறைந்த நூல் அறும். முறுக்கு மிகுந்த நூல் தானே சுருண்டு சிக்காகும்.

'முறுக்கிக்கொண்டு போனான்' என்று செருக்கையும் ஊடலையும் குறிக்கிறோம். ஆங்கிலத்துச் சைடு என்பதன் பொருளுக்கு இது மிக நெருங்கியது. 'திருகுதாளம்' என்று வஞ்சகச் செயலைக் கூறுகிறோம். இல்லாததைக் கட்டிப் பேசுபவன் 'கயிறு திரிக்கிறான்', 'சரடு விடுகிறான்'. நம்பவைத்து ஏமாற்றுபவன் 'காதில் பூச்சுற்றுகிறான்'. இன்றைய மாணவர் தம் தோழனிடம் 'சும்மா உருட்டாதே' என்கின்றனர். இது புதுவழக்குப் போலத் தோன்றினும், 'உருட்டுப் புரட்டு' என்னும் பழைய இணைச்சொல்லின் மறுபிறப்பே எனலாம். தெலுங்கிலும் இத்தகைய வழக்கு உண்டு. பேச்சு முடியும் தறுவாயில் ஒரு சிக்கலான நிபந்தனையைச் செருகுபவனை 'மெலிக பெட்டாடு' என்பர். மெலிக என்பது முறுக்கு. பந்துக்கு இங்கிலீஷ் கொடுப்பது என்னும் அமெரிக்க வழக்குக்கு இஃது அணித்தாக நிற்கிறது.

இனி நம் வினாவிற்கு வருவோம். தமிழில் சுழற்சிச் சொற்கள் பெரும்பாலும் இணையிணையாக வருகின்றன. சுழல் – சுழற்று, உருள் – உருட்டு, புரள் – புரட்டு, முறுகு – முறுக்கு ஆகியவை அவை. திரிதல், திரித்தல் என்பதும் அத்தகைய இணையே. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'பால் திரிந்தது' என்றால் அது தானே கெட்டது, எவர்மீதும் பழியில்லை. 'பொன்' என்பதும் 'குடம்' என்பதும் சேர்ந்து 'பொற்குடம்' ஆவதைத் திரிதல் விகாரம் என்று நன்னூல் கூறும். தொல்காப்பியம் நால்வகைச் சொல்லுள் ஒன்றைத் திரிசொல் என்றே பெயரிட்டது. அங்கும் இழிவுப் பொருள் இல்லை. ஆனால் 'செய்தியைத் திரித்தான்' என்றவுடன் அங்கே ஒரு குற்றவாளி தோன்றிவிடுகிறான். இரண்டையும் பிரிப்பது ஓர் ஒற்றெழுத்து மட்டுமே.

இவ்வாறு நோக்கின் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. தானே சுழல்வது உழைப்பு. பம்பரம் அதன் உவமை. தன்னைத் தானே முறுக்கிக்கொள்வது செருக்கு. 'கொள்' என்னும் துணைவினை அங்கே தன்மேல் திரும்பும் செயலைக் காட்டுகிறது. உண்மையையோ பிறரையோ திரிப்பதும் உருட்டுவதும் வஞ்சம். பம்பரமே ஆயினும் 'என்னைப் பம்பரமாக ஆட்டிவைக்கிறான்' என்று பிறவினையில் வந்தால் புகழ்ச்சி நீங்கி முறையீடு ஆகிவிடுகிறது. தெலுங்கிலும் இதே நெறி செல்கிறது. 'திருகு' தன்வினை, 'திப்பு' அதன் பிறவினை. இன்று வா, நாளை வா என்று எளியவரை அலையவிடும் அலுவலரைத் 'திப்புதுன்னாடு' என்று அங்கே குறைகூறுவர்.

ஒரு தடை எழலாம். பிறவினை அனைத்தும் இழிவைக் குறிக்குமோ? குறிக்காது. சிலம்பம் சுழற்றுதல், ஏட்டைப் புரட்டுதல், நூலை முறுக்குதல், திரிகையை உருட்டுதல் ஆகியவற்றில் பழியில்லை. சுழற்றப்படுவது பொருளாயின் அது தொழில். சுழற்றப்படுவது மனிதராகவோ உண்மையாகவோ இருப்பின் அது வஞ்சம். செயலை மட்டும் பார்த்தல் போதாது. செயப்படுபொருளையும் பார்த்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் ஒரு குறை

வகுப்பறை மொழிபெயர்ப்புத் தாள்களில் நாம் அடிக்கடி காணும் பிழை ஒன்றை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். தலைவரின் உதவியாளர் ஒரு செய்திக்கு ஸ்பின் தந்தனர் என்னும் ஆங்கிலத் தொடரை, 'செய்திக்குச் சுழற்சி கொடுத்தனர்' என்று மாணவர் எழுதுகின்றனர். சொல் வந்தது, பொருளுணர்ச்சி வரவில்லை. மோதிய பந்தின் வேகம் சென்று, சுழற்சி பின்தங்கிய நிலை இதுவே.

இவ்விடத்தில் தமிழ்ச் சொற்களைத் தரம் அறிந்து ஆளவேண்டும். உள்ளதைத் தமக்கேற்ற கோணத்தில் காட்டினால் 'செய்தியைத் தமக்குச் சாதகமாகத் திருப்பினர்' எனலாம். உள்ளதன் வடிவையே கெடுத்தால் 'திரித்தனர்' எனலாம். ஆதாரமின்றி அளந்தால் அது உருட்டு. தெரிந்தே ஏமாற்றினால் அது புரட்டு. ஆங்கிலத்தார் ஒரு சொல்லுள் அடக்கியதைத் தமிழ் நான்காகப் பிரித்துக் கூறவல்லது. இவ்வேறுபாட்டை அறியாது எழுதினால், கோணல் பேச்சைப் புரட்டு என்று மிகைப்படுத்தும் தவறும், புரட்டைக் கோணல் பேச்சு என்று குறைத்துக் கூறும் தவறும் நேரும். இரண்டுமே நீதிக்கு ஊறு செய்வன.

புரளி என்னும் சொல்

புரள் என்னும் அடியிலிருந்து மூன்று பெயர்கள் எழுந்துள்ளன. அவை புரட்சி, புரட்டு, புரளி என்பன. சமுதாயத்தையே கீழ்மேலாக மாற்றுவது புரட்சி. புரட்டுபவன் ஒருவன் இருப்பது புரட்டு. புரளியோ தன்வினையிலிருந்து பிறந்தது. யாரோ சொன்னார்கள், எங்கிருந்தோ வந்தது என்று தானே புரண்டு வருவது போலத் தோன்றுவதே அதன் இயல்பு. புரட்டியவன் பெயர் அதில் இல்லை. இச்சொல்லின் அமைப்பே அதன் தீமையைக் காட்டுகிறது.

பில்லியர்ட்ஸ் மேசையில் தானே சுழன்ற பந்து கிடையாது. விளிம்பில் பட்டு எதிர்பாராத பக்கம் திரும்பும் பந்தைக் காண்பவர், கோல் எங்கே இடித்தது என்று முதலில் பார்ப்பர். புரளியைக் கேட்பவரும் அவ்வாறு பார்த்தல் வேண்டும். இன்று கைப்பேசி வழியே ஒரு நொடியில் ஊர் முழுதும் செல்லும் செய்தியால் ஒரு தெரு இன்னொரு தெருவை ஐயுறுகிறது. நெடுநாள் அண்டைவீட்டார் முகம் திருப்பிக்கொள்கின்றனர். அச்செய்தியை அனுப்பியவரைக் கேட்டால், 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்பார். தன்வினை போலத் தோன்றும் இதனைப் பிறவினையாக்கிக் கேட்பதே கற்றவர் கடமை. 'செய்தி புரண்டது' என்று நிறுத்தாமல், 'புரட்டியவர் யார், எதற்காக?' என்று கேட்க வேண்டும். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் புலனாகின்றன. உவமை அதன் ஆட்டத்தின் இயக்கத்தையே பின்பற்றுகிறது. சுழற்சியால் நிமிர்ந்து நிற்கும் பம்பரம் உழைப்பைக் குறித்தது. சுழற்சியால் வழிமாறும் பந்து செருக்கையும் சூழ்ச்சியையும் குறித்தது. மக்கள் ஆடாத ஆட்டத்தின் சொல் அவர்தம் பேச்சில் வேர்கொள்வதில்லை. சுழற்றியவர் யார் என்பதைத் தன்வினை, பிறவினை வேறுபாட்டால் தமிழ் வெளிப்படக் காட்டுகிறது. அண்டை மொழியாகிய தெலுங்கும் இதில் உடன்பிறந்தாள் போலவே நிற்கிறது.

எல்லை ஊர்களில் வாழும் மாணவர் பலர், தம் பேச்சில் இரு மொழி கலந்துள்ளது என்று நாணுகின்றனர். நாண வேண்டுவதில்லை. அவர்தம் பாட்டியரின் பேச்சில் உள்ள இத்தகைய வழக்குகளை எழுதிவைப்பாராயின், அகராதிக்கு அதுவே ஓர் அரிய கொடை. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் பத்து வழக்குகளைத் தொகுத்து வருதல் கூடும். பம்பரமும் கிட்டிப்புள்ளும் அறியாத தலைமுறை வளர்ந்துவரும் இந்நாளில் இப்பணியைத் தள்ளிப்போடலாகாது. ஆட்டம் மறைந்த பின் சொல் சிறிது காலமே நிற்கும்.

சினம் தணிந்த இடம் என்று திருத்தணிக்குப் பெயர்க்காரணம் கூறுவர். எல்லைப் பூசலால் கொதித்த அவ்வூரில் இன்று இரு மொழியினரும் ஒரே திருமணப் பந்தியில் அமர்ந்து, பம்பரமாய்ச் சுழலும் ஓர் இளைஞனை அவரவர் மொழியில் வாழ்த்துகின்றனர். சொல் தானே திரிவது மொழியின் வளர்ச்சி. அதை நாம் தடுக்க வேண்டியதில்லை. சொல்லை மனிதர் திரிப்பதோ உறவின் அழிவு. அதை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது. இரண்டுக்கும் இடையே உள்ள அவ்வோர் ஒற்றெழுத்தை மறவாது காத்தல் தமிழ் பயில்வார் அனைவரின் பொறுப்பாகும்.